நெட் எந்த லைனில் போகிறது? ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து வலையமைப்பு இடைமுகங்களைக் கேட்டறியும் வழி

கொழும்பில் கொள்ளுப்பிட்டி தொடங்கி வெள்ளவத்தை வரை காலி வீதியோரச் சிறு அலுவலகங்களில் இரண்டு இணைய லைன் வைத்திருப்பது இப்போது சாதாரணம். ஒன்று பைபர். அது விழுந்தால் கைகொடுக்க ஒரு 4ஜி ரவுட்டர் அல்லது யூஎஸ்பி டொங்கிள். கணக்குகளும் கோப்புகளும் உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு பழைய டெஸ்க்டொப்பில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு "கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை" ஒருவரிடம் வந்து சேரும். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்கு.

இரவு பெக்கப் பைபரில் மட்டும் போக வேண்டும், 4ஜியில் போனால் மாத டேட்டா ஒரே இரவில் தீர்ந்துவிடும். அப்படியானால் ஸ்கிரிப்ட் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில: கேபிள் செருகியிருக்கிறதா, முகவரி கிடைத்திருக்கிறதா, வெளியே போகும் வழி எது. நாம் திரையைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும். ஸ்கிரிப்டுக்கு அந்தக் கண் இல்லை. மனிதர் படிப்பதற்காக அச்சிட்ட வரிகளை வெட்டி விடை எடுக்கும் ஸ்கிரிப்ட் இன்றைக்கு ஓடும், ஒரு அப்டேட் வந்தபின் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தரும். செய்நிரல்கள் கேட்பதற்கென்றே லினக்ஸில் வாசல்கள் இருக்கின்றன. அங்கே கேட்கத்தான் பழக வேண்டும்.

ஒரு விஷயம் முதலிலேயே. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து தேவையான இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதற்படி: என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது

டெர்மினலைத் திறந்து இதைக் கொடுங்கள்:

ஐபி -பிரீஃப் லிங்க் ஷோ

ஒவ்வொரு இடைமுகத்துக்கும் (கணினி வலையமைப்போடு சேரும் வாயில்) ஒரு வரி வரும். முதலில் பெயர், அடுத்து நிலை, அதற்கடுத்து மெக் முகவரி (வலையமைப்பு வன்பொருளின் அடையாள எண்). எல்ஓ என்று இருப்பது கணினி தன்னோடு தானே பேசும் லூப்பெக், அதை விட்டுவிடலாம். இஎன்பி3எஸ்0 போன்ற பெயர் கேபிள் செருகும் ஈதர்நெட். முதல் இரண்டு எழுத்து ஈதர்நெட்டைக் குறிக்கும், பி3 என்பது பிசிஐ பஸ் எண், எஸ்0 என்பது ஸ்லொட் எண். டபிள்யூஎல் என்று தொடங்கினால் வைஃபை, டபிள்யூடபிள்யூ என்று தொடங்கினால் மொபைல் மோடம். யூஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் அடப்டர்களும் பல டொங்கிள்களும் இஎன்எக்ஸ் என்று தொடங்கி, பின்னால் மெக் முகவரியையே பெயராகக் கொண்டு வரும். டொக்கர் (மென்பொருளைத் தனித்தனிக் கொண்டெய்னர்களில் ஓட்டும் கருவி) போட்டிருந்தால் டொக்கர்0 என்று ஒரு மெய்நிகர் பாலமும் தெரியும்.

பழைய பாடங்களில் எத்0, டபிள்யூலேன்0 என்றே இருக்கும். 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி (லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) 197ஆம் பதிப்பு முதல், வன்பொருள் இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் முறை வந்தது. அதனால் எத்0 என்று ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைப்பது பெரும்பாலான புதிய கணினிகளில் வேலை செய்யாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு புது நெட்வேர்க் கார்ட் வாங்கி வேறு ஸ்லொட்டில் செருகினாலே பெயர் மாறிவிடும். பெயரைக் கேட்டு எடுங்கள், அல்லது ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் ஒரே ஒரு மாறியில் வைத்து, அது உண்மையில் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு மேலே போங்கள்.

சோதிப்பது சுலபம். இல்லாத பெயரைக் கொடுத்து ஐபி லிங்க் ஷோ ஓட்டினால் கட்டளை பூச்சியமல்லாத வெளியேற்ற எண்ணை (கட்டளை முடியும்போது ஷெல்லுக்குத் தரும் எண், 0 என்றால் வெற்றி) தரும். திரையில் வந்த செய்தியைப் படிக்கத் தேவையில்லை, அந்த எண் போதும்.

இரண்டாம் படி: "நெட் இல்லை" என்றால் எது இல்லை?

இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். அலுவலகத்தில் யாராவது "அண்ணா, நெட் இல்லை" என்று சொன்னால் அதற்கு ஐந்து வெவ்வேறு பொருள் இருக்கலாம். இடைமுகம் நிர்வாகரீதியாக அணைக்கப்பட்டிருக்கலாம். கேபிளில் சிக்னல் இல்லாமல் இருக்கலாம். சிக்னல் இருந்தும் முகவரி கிடைக்காமல் இருக்கலாம். முகவரி இருந்தும் வெளியே போக வழி இல்லாமல் இருக்கலாம். எல்லாம் இருந்தும் ரவுட்டருக்கு அப்பால் இணையம் செத்திருக்கலாம். "அப்" என்று ஒரு வரி பார்த்ததும் இணையம் இருக்கிறது என்று முடிவு கட்டும் ஸ்கிரிப்டுகளை நிறையப் பார்க்கலாம். அவை முதல் ஒன்றிரண்டு கேள்விகளோடு நின்றுவிட்டவை.

மின்வெட்டு நேரத்தை எண்ணிப் பாருங்கள். 2022 நெருக்கடியில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் போனபின், இங்கே பலரும் கணினிக்கும் ரவுட்டருக்கும் யூபிஎஸ் பொருத்திக்கொண்டார்கள். உங்கள் சர்வருக்கு யூபிஎஸ் இருந்து, கேபிள்களை இணைக்கும் நெட்வேர்க் சுவிட்சுக்கு இல்லாவிட்டால் கரண்ட் போன கணமே கேபிளில் சிக்னல் போய்விடும். இதை ஸ்கிரிப்ட் உடனே கண்டுபிடிக்கும். சுவிட்சுக்கும் யூபிஎஸ் இருந்து, சுவரில் இருக்கும் பைபர் பெட்டிக்கு மட்டும் இல்லாவிட்டால் கதை வேறு. சர்வருக்கும் சுவிட்சுக்கும் இடையே எல்லாம் நலம். நிலை "அப்", முகவரி பழையதே, வழியும் இருக்கிறது. இணையம் மட்டும் இல்லை.

கேபிள் நிலையைக் கேட்க மிக எளிய வாசல் ஒரு கோப்புறைதான். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் இந்த இடத்தில் ஒரு கோப்புறை வைத்திருக்கிறது:

/சிஸ்/கிளாஸ்/நெட்/

முதற்சொல் எஸ், ஒய், எஸ் என்ற மூன்றெழுத்து. இதற்குள் இடைமுகத்தின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் சின்னச் சின்னக் கோப்புகள், பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு மதிப்பு. கேட் கட்டளையால் படித்தால் போதும், வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். கூடுதலாக எந்த மென்பொருளும் நிறுவத் தேவையில்லை, ரூட் (நிர்வாகி) அனுமதியும் வேண்டாம். முடிந்த இடத்திலெல்லாம் இதையே பயன்படுத்துங்கள் என்பேன்.

கேரியர் என்ற கோப்பில் 1 இருந்தால் சிக்னல் உண்டு, 0 இருந்தால் இல்லை. ஒரு நுணுக்கம்: இடைமுகமே அணைக்கப்பட்டிருந்தால் இந்தக் கோப்பு 0 தராது, படிக்கும் முயற்சியே பிழையாகும். அதனால் பிழைச்செய்தியை ஒதுக்கிவிட்டு, படிக்க முடியாவிட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

ஒப்பர்ஸ்டேட் என்ற கோப்பில் அப், டவுன், டோமன்ட், அன்நோன் போன்ற சொற்களில் ஒன்று இருக்கும். "அப் இல்லையென்றால் செத்தது" என்று எழுதினால் இங்கே சறுக்கும். லூப்பெக் எப்போதும் அன்நோன் என்றே சொல்லும். வயர்கார்ட் போன்ற விபிஎன் இடைமுகங்களும், பிபிபி முறையில் இணையும் பழைய டொங்கிள்களும் நன்றாக வேலை செய்துகொண்டே அன்நோன் என்று சொல்லும். ஆகவே டவுன் என்றால் மட்டும் இல்லை என்று கொள்ளுங்கள்.

ஸ்பீட் என்ற கோப்பு கேபிளின் வேகத்தை மெகாபிட்டில் தரும். 1000 வர வேண்டிய இடத்தில் 100 வந்தால் கேபிளையோ அதன் முனையையோ சந்தேகிக்கலாம். இந்த ஒரு எண்ணைப் பார்ப்பது பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். வைஃபைக்கு இந்தக் கோப்பு பிழைதான் தரும், அதை நம்ப வேண்டாம்.

முகவரியை எடுப்பது

இணையத்தில் தேடினால் ஐஎஃப்கொன்ஃபிக் கட்டளையின் வெளியீட்டைக் எழுத்து வரிகளைத் தேடி வெட்டும் கிரெப், ஆக், செட் என்ற மூன்று கட்டளைகளுக்குள் செலுத்தும் வரிகள்தான் முதலில் கிடைக்கும். அவற்றைப் பிரதி எடுக்க வேண்டாம். அந்தக் கட்டளை இருக்கும் நெட்டூல்ஸ் தொகுப்பின் பழைய பதிப்புகளில் முகவரிக்குச் சற்று முன்னால் ஒரு முக்காற்புள்ளி இருந்தது. எல்லாரும் அந்தப் புள்ளியை வைத்தே வெட்டினார்கள். பிந்திய பதிப்பில் அச்சு வடிவம் மாறி, அந்தப் புள்ளி மறைந்தது. வெட்டிய ஸ்கிரிப்டுகள் வெற்று விடை தரத் தொடங்கின. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில், 2017இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கட்டளை இயல்பாக நிறுவப்படுவதும் இல்லை.

ஐபி கட்டளையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது:

ஐபி -4 -ஒன்லைன் அட்ரஸ் ஷோ ஸ்கோப் குளோபல்

ஒன்லைன் என்ற தெரிவு ஒவ்வொரு முகவரியையும் ஒரே வரியில் அடக்கிவிடும். இரண்டாவது சொல் இடைமுகத்தின் பெயர், நான்காவது சொல் முகவரி. ஆக் கட்டளையால் அந்த நான்காவதை எடுத்தால் 192.168.1.20/24 என்று வரும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது வலையமைப்பின் அளவு. முகவரி மட்டும் வேண்டுமானால் சாய்கோட்டிலிருந்து கடைசி வரை நீக்கிவிடுங்கள். இதை ஷெல்லின் மாறி விரிவாக்கத்தாலேயே செய்யலாம், இன்னொரு கட்டளை வேண்டாம்.

எந்த இடைமுகம் என்று சொல்லாமல் விட்டால் டொக்கர் பாலத்தின் 172.17.0.1ம் பட்டியலில் வந்து நிற்கும். அதனால் கடைசியில் டெவ் என்று எழுதி இடைமுகத்தின் பெயரையும் கொடுங்கள். ஹோஸ்ட்நேம் கட்டளைக்குப் பெரிய ஐ எழுத்தைத் தெரிவாகக் கொடுத்து முதல் முகவரியை எடுக்கும் குறுக்குவழியும் பரவலாக இருக்கிறது. அந்த முகவரிகளின் வரிசையை நம்பக் கூடாது என்று அதன் கையேடே சொல்கிறது. டொக்கர் நிறுவிய மறுநாள் அது வேறு முகவரியை முதலில் தரலாம்.

ஸ்கோப் குளோபல் என்பதை விட்டுவிட்டுக் கேட்கும்போது 169.254 என்று தொடங்கும் முகவரி மட்டும் வந்தால், முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள் சரி, ரவுட்டர் இன்னும் எழும்பவில்லை என்பதற்கு இது நல்ல அறிகுறி.

கொஞ்சம் பெரிய ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள் என்றால் செய்நிரல்கள் படிப்பதற்கென்றே அமைந்த ஜேசன் வடிவத்துக்கு நேரே போய்விடுங்கள். ஐபி கட்டளைக்கு -ஜேசன் என்று கொடுத்து, வெளியீட்டை ஜேக்யூ என்ற கருவிக்குள் செலுத்த வேண்டும். அப்போது எத்தனையாவது சொல் என்று எண்ணும் வேலையே இல்லை. ஐஎஃப்நேம், ஒப்பர்ஸ்டேட், ஆடர்_இன்ஃபோ, லோக்கல் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். கொண்டெய்னர்களுக்குள்ளும், ஒரே வலையமைப்பைப் பலவாகப் பிரிக்கும் விலேன் அமைப்புகளிலும் சாதாரண வெளியீட்டில் பெயருக்குப் பின்னால் @ குறியோடு இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டு வரும், அது வெட்டும் ஸ்கிரிப்டுகளைக் குழப்பும். ஜேசனில் அவை தனித்தனிப் புலங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வடிகட்டிக் கேட்கும்போது சில பதிப்புகள் வெற்று உறுப்புகளையும் சேர்த்துத் தரும். ஜேக்யூவில் முகவரிப் பட்டியலை விரிக்கும் சதுர அடைப்புக்குறிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் அவை அமைதியாகத் தவிர்க்கப்படும்.

வெளியே போகும் வழி எது?

இரண்டு லைன் வைத்திருப்பவருக்கு உயிரான கேள்வி இது. இரண்டு இடைமுகமும் அப், இரண்டுக்கும் முகவரி உண்டு. பெக்கப் எதில் போகும்? நீங்களே கணக்குப் போட வேண்டாம். கர்னலிடமே கேளுங்கள்:

ஐபி ரூட் கெட் 1.1.1.1

இங்கே ரூட் என்றால் வழி, 1.1.1.1 என்பது இணையத்தில் இருக்கும் ஒரு பொது முகவரி. இந்தக் கட்டளை அந்த முகவரிக்கு எந்தத் தரவுப் பொதியையும் அனுப்பாது. "அங்கே அனுப்பினால் எந்த வழியில் அனுப்புவாய்?" என்று மட்டும் கேட்கிறது. விடையில் வியா என்ற சொல்லுக்கு அடுத்து ரவுட்டரின் முகவரி, டெவ் என்ற சொல்லுக்கு அடுத்து இடைமுகம், சோர்ஸைக் குறிக்கும் எஸ்ஆர்சிக்கு அடுத்து உங்கள் முகவரி. மூன்றும் ஒரே வரியில் கிடைத்துவிடும்.

இங்கே ஐந்தாவது சொல்லை எடு என்று எழுதாதீர்கள். ரவுட்டர் வழியாகப் போகத் தேவையில்லாத இடத்துக்கு வியா என்ற பகுதியே வராது, அப்போது எல்லாச் சொற்களும் இரண்டிடம் முன்னால் நகர்ந்துவிடும். ஆக் கட்டளையில் எல்லாச் சொற்களையும் ஒன்றொன்றாகப் பார்த்து, டெவ் வந்ததும் அடுத்த சொல்லை அச்சிடும்படி எழுதுங்கள். இரண்டு எழுத்து கூடுதலாகத் தட்ட வேண்டியிருக்கும், ஆனால் பல வருடம் கைவைக்க வேண்டியிருக்காது. வழியே இல்லாவிட்டால் கட்டளை பிழையோடு வெளியேறும், அதையும் வெளியேற்ற எண்ணால் பிடிக்கலாம்.

இரண்டு வழி இருக்கும்போது கர்னல், முன்னுரிமையைக் காட்டும் மெட்ரிக் எண் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வேர்க்மெனேஜர் இயல்பாக ஈதர்நெட்டுக்கு 100ம் வைஃபைக்கு 600ம் கொடுக்கும். பைபர் கேபிளிலும் 4ஜி வைஃபையிலும் இருந்தால் பைபர் முதலில் வருவது இதனால்தான். இரண்டுமே கேபிள் என்றால் மெட்ரிக்கை நீங்களே அமைத்துவிடுவது நல்லது.

அலுவலகத்தில் லைன்கள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதையும் போய்ப் பாருங்கள். இரண்டு ரவுட்டரும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தால், எந்த லைனில் போனாலும் இடைமுகம் ஒன்றுதான். அப்போது டெவ் எதையும் பிரித்துக் காட்டாது, வியாவுக்கு அடுத்திருக்கும் ரவுட்டர் முகவரியைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு லைனையும் ஒரே ரவுட்டர் வாங்கித் தானே மாற்றிக்கொடுக்கும் அமைப்பு என்றால் கணினிக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. அப்போது ரவுட்டரிடம் கேட்க வேண்டும், அல்லது வெளியே ஒரு சேவையிடம் நம் பொது முகவரியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பொது முகவரி எந்த இடைமுகத்திலும் எழுதியிருக்காது. 192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை எல்லாம் உள்முகவரிகள். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியே 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளருக்கு ஒரு பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். அந்த லைனில் வெளியிலிருந்து உள்ளே வர போர்ட் திறக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

உண்மையில் இணையம் இருக்கிறதா என்பதைப் பொதி அனுப்பித்தான் அறிய முடியும். குறிப்பிட்ட லைன் வழியாகச் சோதிக்க:

பிங் -சி 1 -டபிள்யூ 2 -ஐ இடைமுகப்பெயர் 1.1.1.1

இதில் டபிள்யூவும் ஐயும் பெரிய எழுத்து. ஒரே ஒரு பொதி, இரண்டு விநாடிக் காத்திருப்பு. ஒரு தடவை தவறினால் லைன் செத்தது என்று முடிவெடுக்க வேண்டாம், மூன்று தடவை முயன்று பாருங்கள். தினமும் ஒருமுறை 4ஜி பக்கத்தையும் இப்படிச் சோதித்து வைத்தால், பைபர் விழும் அன்றைக்குத்தான் 4ஜியில் டேட்டா இல்லை என்று தெரியவரும் சங்கடம் வராது.

எவ்வளவு டேட்டா போனது?

அதே கோப்புறைக்குள் ஸ்டெடிஸ்டிக்ஸ் என்று இன்னொரு கோப்புறை இருக்கிறது. அதில் ஆர்எக்ஸ்_பைட்ஸ் வந்தது, டிஎக்ஸ்_பைட்ஸ் போனது. ஒருமுறை படித்து, ஐந்து விநாடி கழித்து மறுபடி படித்துக் கழியுங்கள். வித்தியாசம் 12500000 பைட் என்றால், எட்டால் பெருக்கி ஐந்தால் வகுக்க விநாடிக்கு 20 மெகாபிட். கணினியை மறுபடி தொடங்கினால் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய்விடும், டொங்கிளைக் கழற்றிச் செருகினாலும் அப்படித்தான். அதனால் மாதக் கணக்கு வேண்டுமானால் இடையிடையே ஒரு கோப்பில் சேர்த்து எழுதி வையுங்கள். புதிய எண் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் கழிக்காமல் அப்படியே கூட்டுங்கள். உள் அலுவலகப் பிரின்டருக்குப் போனதும் இந்த எண்ணில் சேரும் என்பதால் பேக்கேஜ் கணக்கோடு அச்சாக ஒத்துவராது.

பெக்கப் ஸ்கிரிப்டாகச் சேர்ப்பது

இனி ஒழுங்கு தெளிவு. சிக்னலும் முகவரியும் உண்டா என்று பாருங்கள், வழி கேளுங்கள், வியா முகவரி பைபர் ரவுட்டருடையதா என்று ஒப்பிடுங்கள், பிங் போட்டுப் பாருங்கள், சரி என்றால் கோப்புகளைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்கைத் தொடங்குங்கள், இல்லையென்றால் லொகர் கட்டளையால் சிஸ்டம் பதிவில் காரணத்தை எழுதிவிட்டு வெளியேறுங்கள். காரணத்தைத் தனித்தனியாக எழுதுங்கள்: சிக்னல் இல்லை, முகவரி இல்லை, வழி இல்லை, பதில் இல்லை. காலையில் வந்து பார்க்கும்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

மாறிகளை எங்கே பயன்படுத்தினாலும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரோன் வழியாக ஓட்டினால் அதன் பாத் பட்டியல் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) மிகக் குறுகியது, டெர்மினலில் ஓடும் கட்டளை அங்கே கிடைக்காமல் போகலாம். ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் பாத்தை நீங்களே எழுதிவிடுங்கள், எஸ்பின் கோப்புறைகளையும் சேர்த்து.

கரண்ட் வந்ததும் சர்வர் ஒரு நிமிடத்தில் எழும்பிவிடும், பைபர் பெட்டியும் ரவுட்டரும் அதற்குப் பின்னால்தான் தயாராகும். தொடக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் என்றால், வழி கிடைக்கும் வரை சில விநாடிக்கு ஒருமுறை கேட்டுக் காத்திருக்கும் சுழற்சி ஒன்று வையுங்கள். அதற்கு ஒரு எல்லையும் வையுங்கள், ஐந்து நிமிடம் போதும்.

வேறு கணினிகளில் கொஞ்சம் மாறும். ஆப்பிளின் மெக் கணினியில் ஐபி கட்டளை இல்லை. அங்கே ஐபிகொன்ஃபிக் கெட்இஃப்ஆடர் என்பதற்கு அடுத்து இடைமுகப் பெயரைக் கொடுத்தால் முகவரி மட்டும் வரும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் போட்ட ரவுட்டர்களில் இருப்பது பிசிபொக்ஸின் சிறிய ஐபி, அதற்கு ஜேசன் தெரியாது, சிஸ் கோப்புறை மட்டும் அப்படியே வேலை செய்யும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓடவைக்கும் டபிள்யூஎஸ்எல்2 ஓட்டிப் பழகுகிறவர்கள் பார்ப்பது இயல்பமைப்பில் ஒரு மெய்நிகர் இடைமுகத்தை. லெப்டொப்பின் உண்மையான வைஃபை நிலை அதில் தெரியாது.

எழுதி முடித்ததும் சோதிக்க வேண்டும். ஒரு டெர்மினலில் ஐபி மொனிட்டர் கட்டளையை ஓடவிட்டு, இன்னொன்றில் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கணினியில் செருகிய பைபர் லைனின் ஈதர்நெட் கேபிளைக் கையால் பிடுங்கிப் பாருங்கள், பிறகு அந்தக் கேபிளை மறுபடி செருகிவிட்டு ரவுட்டருக்குப் போகும் பைபரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் வேறு வேறு காரணம் பதிவாக வேண்டும். ஐபி லிங்க் செட் கட்டளையால் இடைமுகத்தை அணைத்தும் சோதிக்கலாம், ஆனால் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து டெர்மினலுக்குள் நுழையும் முறை) வழியாக உள்ளே வந்திருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். நீங்கள் வந்த வழியே அடைபட்டுவிடும், மறுபடி திறக்க அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.